விதைக்கும் விதைக்கும் இடையே

நற்செய்தி கூறும் விதைப்பவர் விதையைக் கையால் அள்ளி வீசினார். அதனால்தான் சில விதைகள் வழியோரத்திலும், சில பாறை நிலத்திலும், சில முட்செடிகளின் நடுவிலும் விழுந்தன. கோதுமையும் வாற்கோதுமையும் பயிரிட்ட பாலஸ்தீனத்து உழவர்க்கு அது பழகிய முறை. சில விதைகள் வீணானாலும் பல விதைகள் நல்ல நிலத்தில் விழும் என்பது அவர்தம் கணக்கு. ஆனால் அவர்கள் கண்டிராத தானியம் ஒன்று உண்டு. அதனை அள்ளி வீசி நல்ல விளைச்சல் காண்பது அரிது. ஒவ்வொரு விதைக்கும் இடம் குறித்து, ஆழம் அறிந்து, அண்டை விதைக்குத் தொலைவு வகுத்து ஊன்ற வேண்டும். அதுவே மக்காச்சோளம்.

அத்தானியத்தை ஊன்றுவதற்கு மனிதர் தேர்ந்துகொண்ட கருவிகளின் வரலாற்றையே இங்கு நாம் சிறிது பார்க்கப் போகிறோம். உழவுக் கருவிகளின் கதை உழவர்க்கு மட்டும் உரியது என்று நகரத்து வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு விதைக்கும் அடுத்த விதைக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று முடிவு செய்தவர்கள், தாம் அறியாமலேயே, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே எத்தனை கல் தொலைவு என்பதையும் முடிவு செய்தார்கள். இதனை மிகத் தெளிவாகக் காட்டும் நிலம் வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள ஐயோவாவும் அதன் அண்டை மாநிலங்களும் ஆகும். ஆகவே நமது கதை பெரும்பாலும் அங்கேயே நிகழ்கிறது.

தானே விதைந்துகொள்ளாத பயிர்

மக்காச்சோளத்தின் மூதாதை தெற்கு மெக்சிகோவில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளரும் தியோசின்டே என்னும் புல் ஆகும். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வாழ்ந்த மக்கள் இப்புல்லைப் பயிராக்கத் தொடங்கினர் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. தியோசின்டேயின் மணிகள் கடினமான ஓட்டுக்குள் இருக்கும். முற்றியதும் ஒவ்வொன்றாகச் சிதறி விழும். மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் பயனாக ஓடு மறைந்தது, மணிகள் பெருத்தன, சிதறாமல் ஒரே கதிரில் ஒட்டிக்கொண்டன, கதிரைச் சுற்றி இறுக்கமான உறை வளர்ந்தது.

இந்த நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. மக்காச்சோளம் தன்னைத் தானே பரப்பிக்கொள்ளும் ஆற்றலை இழந்தது. உறை மூடிய கதிர் ஒன்று மண்ணில் விழுந்தால் நூற்றுக்கணக்கான மணிகள் ஒரே இடத்தில் முளைத்து, ஒன்றையொன்று நெருக்கி மடியும். கதிரிலிருந்து மணியைப் பிரித்து, இடைவெளி விட்டு மண்ணில் வைக்க ஒரு கை வேண்டும். மனிதர் விதைக்காவிடில் இப்பயிர் சில ஆண்டுகளிலேயே உலகில் இல்லாது போகும். நம்மை வாழ்விக்கும் பயிர் ஒன்று தன் வாழ்வுக்கு நம்மையே நம்பி நிற்கிறது. ஆகவே அதனை விதைப்பது எவ்வாறு என்னும் கேள்வி, தொடக்கம் முதலே, பொறுப்பைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது.

பெண்களின் வயல்

ஐரோப்பியர் வரும் முன்பே வட அமெரிக்கப் பழங்குடியினர் பலர் மக்காச்சோளத்தைச் சிறு மண்மேடுகளில் ஊன்றி வளர்த்தனர். பல குலங்களில் இது பெண்களின் தொழில். அதே மேட்டில் பீன்ஸ் விதையையும், அருகே பூசணி விதையையும் இடுவர். சோளத்தண்டைப் பற்றி பீன்ஸ் ஏறும். பீன்ஸின் வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். பூசணியின் அகன்ற இலை நிலத்தை மூடிக் களையையும் வெயிலையும் தடுக்கும். இம்மூன்றையும் ‘மூன்று சகோதரியர்’ என்று அழைத்தனர் இரோகுவா மக்கள்.

மிசூரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா குலத்தின் மூதாட்டி ஒருவர் தம் இளமைக்கால உழவு முறையை விரிவாகச் சொல்ல, கில்பர்ட் வில்சன் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகர் அதனை எழுதி 1917-இல் வெளியிட்டார். பஃபலோ பேர்ட் உமன் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட அம்மூதாட்டி, காட்டு நெல்லிப்புதர்களின் இலை ஏறத்தாழ முழு அளவு வளர்ந்திருப்பதைக் கண்டே சோளம் விதைக்கும் காலத்தை அறிந்தோம் என்கிறார். பறவைகளை விரட்டப் பரண் மீதமர்ந்த பெண்கள், குழந்தைக்குப் பாடுவதுபோல் பயிருக்குப் பாடியதையும் அவர் நினைவுகூர்கிறார். வெள்ளையரிடமிருந்து இரும்புக் களைக்கொத்து வந்து சேர்ந்த பின்னரும், அவர் பாட்டி மட்டும் தோண்டுகோலையும், காட்டெருமையின் தோள் எலும்பால் செய்த களைக்கொத்தையும் விடவில்லையாம்.

பாட்டியின் பிடிவாதம் நமக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் கருவியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கு வயலில் உழைப்பவரிடமே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவ்வுரிமை நெடுநாள் நீடிக்கவில்லை. ஐயோவா என்னும் பெயருக்கு உரிய குலத்தாரே 1830-களில் தம் நிலங்களைக் கையளித்துவிட்டு மேற்கே செல்லும்படி ஆயிற்று. ஹிடாட்சா மக்களின் வளமான ஆற்றங்கரை வயல்களோ, 1947 முதல் 1953 வரை கட்டப்பட்ட காரிசன் அணையின் நீரில் மூழ்கின.

குழல் வழி விதைத்த பழையோர்

பொறி வைத்து விதைத்தல் என்றதும் ஐரோப்பிய நூல்கள் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல்லை முதலில் குறிப்பிடும். அவர் 1701-இல் குதிரை இழுக்கும் விதைப்புக் கருவி ஒன்றை அமைத்தார். ஆனால் விதையைக் குழல் வழியே சாலில் இறக்கும் கருவி அவர் காலத்துக்கு வெகு முன்பே ஆசியாவில் இருந்தது. பண்டைய மெசப்பொத்தேமியர் விதைக்குழல் பொருத்திய ஏரைத் தம் முத்திரைகளில் செதுக்கினர். சீனர் ஹான் பேரரசுக் காலத்திலேயே பல குழல் கொண்ட விதைப்பானைக் கையாண்டனர்.

தென்னிந்தியாவும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் இங்கிருந்த தாமஸ் ஹால்காட் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் லண்டன் வேளாண்மை வாரியத்துக்கு ஒரு மடல் எழுதினார். விதைப்பு ஏர் ஐரோப்பியரின் புதுப் படைப்பு என்றே தாம் எண்ணியிருந்ததாகவும், இந்நாட்டு வயல்களில் அது நினைவுக்கெட்டாத காலம் முதல் வழக்கிலிருப்பதைக் கண்டு வியந்ததாகவும் அதில் தெரிவித்தார். மரக்கிண்ணம் ஒன்று, அதன் அடியிலுள்ள துளைகளிலிருந்து இறங்கும் மூங்கில் குழல்கள், பின்னால் நடந்து விரல் நிதானத்தால் விதையை விடும் ஒருவர் என்று அமைந்த எளிய கருவி அது. ஊர்த் தச்சர் செய்தார். உடைந்தால் அவரே சீர் செய்தார். கருவியைச் செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஊரில் வாழ்ந்தனர் என்பதே அதன் முதன்மையான சிறப்பு எனலாம்.

கோடுகளும் முடிச்சிட்ட கம்பியும்

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1834-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் மேரிலாண்டைச் சேர்ந்த ஹென்றி பிளேர் என்பவர் மக்காச்சோளம் விதைக்கும் கருவிக்கு அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார். தள்ளுவண்டி போன்ற வடிவம், நடுவே விதைப்பெட்டி, பின்னே மண்ணை மூடும் பல்வரிசை. பிளேர் ஒரு கறுப்பின உழவர். எழுதத் தெரியாததால் விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இட்டார். மில்லியன் கணக்கில் கறுப்பின மக்கள் அடிமைகளாகப் பிறர் நிலத்தில் உழைத்த காலத்தில் இது நிகழ்ந்தது. 1850-களின் இறுதியில் அடிமைகள் காப்புரிமை பெறவே முடியாது என்று அந்நாட்டு அரசு தீர்ப்பளித்தது. உழைப்பைக் குறைக்கும் வழியை உழைப்பவரே நன்கறிவார். ஆயினும் அவ்வறிவுக்கு உரிய மதிப்பு எளிதில் கிடைப்பதில்லை.

1837-இல் ஜான் டியர் என்னும் கொல்லர் இல்லினாயில் எஃகு முகம் கொண்ட கலப்பையை வடித்தார். அதன் பின் பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளியின் ஒட்டும் கரிசல் மண் உழவுக்கு வழிவிட்டது. உழுவது விரைந்தது, விதைப்பதோ பழையபடியே நின்றது. நிலம் முழுவதும் நெடுக்கிலும் குறுக்கிலும் கோடு கிழிப்பர். கோடுகள் வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் சிறுவர் மூன்று நான்கு மணிகளை இடுவர். பெரியவர் களைக்கொத்தால் மண்ணை மூடுவர். கோட்டுக்குக் கோடு ஏறத்தாழ 40 அங்குலம். குதிரை ஒன்று இரு பக்கமும் பயிரை மிதிக்காமல் நடந்து, நெடுக்கிலும் குறுக்கிலும் களையெடுக்கும் ஏரை இழுத்துச் செல்ல அவ்வளவு அகலம் தேவைப்பட்டது. ஆகவே, பயிரின் இடைவெளியைத் தீர்மானித்தது குதிரையின் உடலே ஆகும்.

இல்லினாயின் கேல்ஸ்பர்க் நகரில் தொழிற்சாலை நிறுவிய ஜார்ஜ் பிரவுன் 1853-இல் காப்புரிமை பெற்ற பொறி இவ்வேலையை மாற்றியது. குதிரைகள் இழுக்க, ஒரே நேரத்தில் இரு வரிசைகளில் அது விதைத்தது. ஒருவர் குதிரையை ஓட்ட, முன்னே அமர்ந்த சிறுவன் ஒவ்வொரு குறுக்குக் கோட்டையும் கடக்கும்போது நெம்புகோலை அசைத்து மணிகளை விழச் செய்தான். அப்பொறியின் உரிமை பற்றிய வழக்கு 1874-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது, பிரவுனே வென்றார்.

1870-களில் அச்சிறுவனின் இருக்கையும் காலியாயிற்று. வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முடிச்சுகள் கொண்ட கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினர். பொறி நகரும்போது ஒவ்வொரு முடிச்சும் ஒரு நெம்புகோலைத் தட்ட, குறித்த இடத்தில் விதை விழுந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உழவர் இறங்கி, கம்பி கட்டிய முளையை இடம் மாற்றினார். சதுரங்கப் பலகைபோல் எத்திசையில் நோக்கினும் நேர்வரிசை தெரியும் வயல், நல்ல உழவரின் அடையாளமாக மதிக்கப்பட்டது. எல்லாச் செடிகளும் ஒரே இனம். எல்லாம் ஒரே தொலைவு. பீன்ஸும் பூசணியும் நிற்க அவ்வயலில் இடமில்லாது போயிற்று.

தீவனத்துக்காக விதைத்தல்

இதே காலத்தில் மக்காச்சோளம் வேறொரு பணிக்கும் அழைக்கப்பட்டது. குளிர்காலத்தில் பசும்புல் இல்லாததால் பசுக்களின் பால் வற்றிவிடும். இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு உழவரான ஒகுஸ்த் கோஃபார். பச்சைச் சோளத்தட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குழியில் நெருக்கமாக மிதித்து நிரப்பி, காற்றுப் புகாமல் மூடும் முறையை அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1877-இல் நூலாக வெளியிட்டார். ஈராண்டுகளில் அது அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது. நம்மவர் ஊறுகாய்ப்புல் என்று பொருத்தமாகப் பெயரிட்டிருப்பது இதற்கே. காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் தட்டையின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். அந்தப் புளிப்பே தீவனத்தை அழுகாமல் மாதக்கணக்கில் காக்கும்.

தீவனத்துக்கு என்றால் நெருக்கி விதைக்கலாம் என்பது முதலில் தோன்றும் எண்ணம். தொடக்கத்தில் பலர் அவ்வாறே செய்தனர். பச்சை எடை மலைபோல் குவிந்தது; ஆனால் கதிர் பிடிக்காத, நீர் மிகுந்த தட்டை குழியில் கடும்புளிப்பாயிற்று. பசுவுக்கு வேண்டிய வலு மணியில்தான் இருக்கிறது என்பதை உழவர் படிப்படியாகக் கற்றனர். கதிர் பிடிக்கப் போதிய இடைவெளி விட்டு விதைத்து, மணி பால் பருவம் கடந்து மாவாகும் நிலையில், செடியின் மொத்த எடையில் உலர்பொருள் மூன்றில் ஒரு பங்கு அளவு இருக்கும்போது அறுப்பதே நல்ல ஊறுகாய்ப்புல்லுக்கு வழி. எடையை மட்டும் பார்த்து இடைவெளியை முடிவு செய்தவர் ஏமாந்தார். எதற்காக விதைக்கிறோம் என்று முதலில் கேட்டவர் பிழைத்தார்.

விதை மாறியபோது

1904-இல் ஐயோவாவில் புகைவண்டிகள் சில ‘விதைச்சோள நற்செய்தி வண்டி’ என்னும் பெயருடன் ஊர் ஊராகச் சென்றன. அவற்றில் வந்த பேராசிரியர் பெரி ஹோல்டன், விதைக்கும் முன் முளைப்புத்திறனைச் சோதித்துப் பார்க்கும்படி நிலையங்கள்தோறும் உழவர்க்குப் பேசினார். அழகிய கதிர்களுக்குப் பரிசளிக்கும் போட்டிகளும் அப்போது நடந்தன. ஹென்றி வாலஸ் என்னும் 16 வயது மாணவர் பரிசுக்குரிய கதிர்களையும் தோற்றப் பொலிவற்ற கதிர்களையும் தனித்தனியே விதைத்துப் பார்த்தார். அழகுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்பது அறுவடையில் தெரிந்தது.

பின்னாளில் வாலஸ் கலப்பின விதையை நாடினார். அதன் அறிவியலுக்கு வித்திட்டவர் புரூன் நகர அகுஸ்தினார் மடத்துத் துறவி கிரகோர் மெண்டல் என்பதை நம் வாசகர் அறிவர். பட்டாணியில் புகழ்பெற்ற அவர் மக்காச்சோளத்திலும் கலப்புச் சோதனை செய்தார் என்பதைப் பலர் அறியார். 1908-இல் ஜார்ஜ் ஷல்லும், அடுத்த பத்தாண்டில் டொனால்ட் ஜோன்ஸும் கலப்பினச் சோளத்துக்கு வழி வகுத்தனர். 1926-இல் வாலஸ் அவ்விதையை விற்க ஐயோவாவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் அரிதாக இருந்த கலப்பின விதை, பத்தே ஆண்டுகளில் ஐயோவாவின் ஏறத்தாழ எல்லா வயல்களையும் நிரப்பிற்று.

அமெரிக்காவில் 1860-கள் முதல் 1930-கள் வரை ஏக்கருக்கு ஏறத்தாழ 25 புஷல், அதாவது சுமார் 635 கிலோ என்ற அளவிலேயே நின்ற சராசரி விளைச்சல், பின்னர் படிப்படியாக உயர்ந்து, அண்மை ஆண்டுகளில் 170 புஷலைக் கடந்துள்ளது. இந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பசியை வெல்லும் போரில் இது பெரும் வெற்றி. ஆயினும் கலப்பினத்தின் வீரியம் அடுத்த தலைமுறை விதையில் குன்றும். ஆகவே, சிறந்த கதிரைத் தேர்ந்து மறு ஆண்டுக்கு விட்டத்தில் தொங்கவிட்ட குடும்ப வழக்கம் மறைந்து, ஆண்டுதோறும் விதை வாங்கும் வழக்கம் வந்தது. விதைக்கும் பொறியும் இதனோடு பிணைந்தது. பொறியினுள் சுழலும் துளைத்தட்டின் துளைக்குள் ஒரு மணி மட்டுமே பொருந்த வேண்டும். அதற்காக விதைகளைத் தட்டை, உருண்டை, பெரிது, சிறிது என வகைபிரித்தே விற்றனர். வாங்கிய விதைக்கு ஏற்ற தட்டை உழவர் பொறியில் மாற்றிக்கொண்டார். 1970-களில் விரல் போன்ற பிடிகளாலும் காற்றின் விசையாலும் மணிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் பொறிகள் பரவிய பின்னரே இக்கட்டு தளர்ந்தது.

முறையை மட்டும் கடன் வாங்கியோர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் களைக்கொல்லி மருந்துகள் வந்தன. குறுக்காகக் களையெடுக்கும் தேவை குறைந்தது. குதிரை டிராக்டருக்கு இடம் கொடுத்தது. முடிச்சிட்ட கம்பியை அமெரிக்க உழவர் சுருட்டி வைத்தனர். அதே 1950-களில் சோவியத் ஒன்றியம் அச்சதுர விதைப்பு முறையைத் தன் கூட்டுப்பண்ணைகள்மீது ஆணையாகச் சுமத்தியது என்பது வரலாற்றின் விந்தை.

சோவியத் தலைவர் குருஷ்சேவ் மக்காச்சோளத்தில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தார். இறைச்சியும் பாலும் பெருகத் தீவனம் வேண்டும். தீவனத்துக்கு மக்காச்சோளம் வேண்டும் என்பது அவர் வாதம். 1955-இல் சோவியத் வேளாண் குழுவினர் ஐயோவாவுக்கு வந்தனர். பனிப்போரின் நடுவே 1959 செப்டம்பர் 23-இல் குருஷ்சேவே கூன் ராப்பிட்ஸ் என்னும் ஊரில் ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற உழவரின் பண்ணைக்கு வந்து தீவனக் குழிகளைப் பார்வையிட்டார். பகை நாட்டார் இருவர் பயிரைப் பற்றி மனம் விட்டு உரையாடியது போற்றத்தக்கதே. ஆனால் பின்விளைவு வேறாயிற்று. 1962-இல் சோவியத் மக்காச்சோளப் பரப்பு சுமார் 3 கோடியே 70 லட்சம் ஹெக்டேரை எட்டியது. அதில் பெரும்பகுதி, கோடை குறுகிய, குளிர் மிகுந்த நிலம். கதிர் முற்றாத நிலம். மண்ணுக்கேற்ற விதையும் உரமும் பயிற்சியும் போதாமல் பல வயல்கள் பொய்த்தன. 1963-இல் அந்நாடு வெளியிலிருந்து கோதுமை வாங்க நேர்ந்தது. மறு ஆண்டில் குருஷ்சேவ் பதவி இழந்தார்.

ஐயோவாவின் மண்ணில் நன்மை செய்த முறை வட உருசியாவின் மண்ணில் அதே நன்மையைச் செய்யவில்லை. அங்குள்ள உழவரைக் கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியிருப்பர். கேட்கும் வழக்கம் அவ்வாட்சியில் இல்லை.

உழாமல் விதைத்தல்

கலப்பையின் வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. புல்வேரின் பிடிப்பை இழந்த மண் 1930-களின் வறட்சியில் காற்றோடு எழுந்தது. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் தென் சமவெளிகளில் புழுதிப்புயல் பகலை இரவாக்கியது. அம்மாதமே அமெரிக்க அரசு மண் காப்புச் சட்டம் இயற்றியது. உழவே தேவைதானா என்ற கேள்வியை எட்வர்ட் ஃபாக்னர் 1943-இல் வெளிவந்த தம் நூலில் எழுப்பியபோது பலர் எள்ளினர். 1962-இல் கென்டக்கியைச் சேர்ந்த ஹாரி யங் என்னும் உழவர் ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமலே மக்காச்சோளம் விதைத்துக் காட்டினார். அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1966-இல் அதற்கென ஒரு பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்னே உள்ள மடிப்புத்தகடு பழைய பயிரின் தாளை வெட்டி மண்ணில் ஒரு கீறலிட, விதை அதற்குள் இறங்கும்.

பிரேசிலின் பரானா மாநிலத்தில் மழை மண்ணை அரித்துச் செல்வதைக் கண்டு வருந்திய எர்பர்ட் பார்ட்ஸ் என்னும் உழவர், யங்கின் வயலை நேரில் கண்டு, 1972-இல் அப்பொறியைத் தருவித்தார். இன்று அந்நாட்டில் 3 கோடி ஹெக்டேருக்கு மேல் உழாமல் பயிரிடுகின்றனர். பெரும்பொறி வாங்க இயலாத சிறு உழவரோ, கையால் குத்தினால் விதை விழும் எளிய கருவி ஒன்றால் அதே முறையைக் கையாள்கின்றனர். தோண்டுகோலின் வழித்தோன்றல் அது. எனினும் ஏரை விட்டவர் பலர் களைக்கொல்லியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மண் காக்கப்பட்டது, நீரில் மருந்து கலக்கும் கவலை பிறந்தது. முற்றிலும் விலையின்றிக் கிடைத்த கருவி எதையும் இவ்வரலாற்றில் நாம் காணவில்லை.

இரண்டு தொலைவுகள்

1979 அக்டோபர் 4-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஐயோவாவின் டி மாயின் நகரருகே உள்ள வாழும் வரலாற்றுப் பண்ணையில் திருப்பலி நிறைவேற்றினார். உழவர் ஒருவர் எழுதிய அழைப்பு மடலே அவரை அங்கு வரவழைத்தது. லட்சக்கணக்கான மக்கள் கூடினர். 1700-ஆம் ஆண்டின் பழங்குடியினர் வயல், 1850-இன் குடியேறிகள் வயல், 1900-இன் குதிரைப் பண்ணை ஆகியவற்றை அவ்விடம் அருகருகே காத்து வைத்துள்ளது. அங்கு நின்ற திருத்தந்தை, நிலத்தை உடையோர் நன்றியுணர்வும், வரும் தலைமுறைகளுக்காக மண்ணைப் பேணும் அக்கறையும், பசித்தோர்க்குப் பகிரும் தாராளமும் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார்.

அவர் சென்ற சில ஆண்டுகளிலேயே ஐயோவாவின் உழவர் பெருந்துன்பத்தில் வீழ்ந்தனர். 1970-களில் நிலவிலை உயர, கடன் வாங்கி நிலத்தையும் பெரும்பொறிகளையும் பெருக்கியவர்கள், வட்டி ஏறி விலை சரிந்தபோது நிலத்தை இழந்தனர். கருவி பெரிதாகும்போது அதனை வாங்கிய கடனைத் தீர்க்க நிலமும் பெரிதாக வேண்டும். நிலம் பெரிதாக அண்டை வீட்டார் விலக வேண்டும். 1853-இல் 2 வரிசை விதைத்த பொறி, 2009-இல் 48 வரிசையாக, 120 அடி அகலத்தில் வந்தது. கம்பி கட்டி விதைத்த நாளில் ஏக்கருக்குச் சுமார் 12,000 செடிகள் நின்றன. இன்று 30,000-க்கு மேல் நிற்கின்றன. வரிசைக்குள் செடிக்குச் செடி ஏழு அங்குலம்கூட இல்லை. 1935-இல் ஐயோவாவில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2022-இல் ஏறத்தாழ 87,000 மட்டுமே. செடிகள் நெருங்கின, வீடுகள் விலகின. பிள்ளைகள் குறைந்ததால் ஊர்ப்பள்ளிகள் மூடப்பட்டன. சிற்றூர்க் கோவில்கள் இணைக்கப்பட்டன.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். அதே ஐயோவாவின் கிராங்கர் ஊரில் பங்குத்தந்தையாக இருந்த லூயிஜி லிகுட்டி, 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, அரசின் உதவியுடன் 50 குடும்பங்களுக்கு வீடும் சிறு நிலமும் கிடைக்கச் செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் வேலை குன்றிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். சில ஏக்கரில் உணவும் தீவனமும் விளைவித்து அவர்கள் தலைநிமிர்ந்தனர். அம்முயற்சி நாட்டின் போக்கை மாற்றிவிடவில்லை. ஆயினும் எத்தனை புஷல் என்பதோடு எத்தனை குடும்பம் என்றும் எண்ணலாம் என்பதை அது காட்டிற்று.

நம் வயலின் வாசலில்

இன்று பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் மக்காச்சோளம் பெரும்பயிராகிவிட்டது. அதில் பெரும்பங்கு கோழித்தீவனமாகச் செல்கிறது. தானியத்துக்கு 60 செ.மீ. பாரில் 25 செ.மீ. இடைவெளியும், பசுந்தீவனத்துக்கான ஆப்பிரிக்கன் நெட்டை இரகத்துக்கு 30 செ.மீ. வரிசையில் 15 செ.மீ. இடைவெளியும் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவுகள். பல ஊர்களில் பெண்கள் குனிந்து, பாரில் குழி போட்டு, விதையிட்டு மூடிய வேலைக்கு இப்போது டிராக்டரில் பூட்டிய விதைப்பான் வந்துகொண்டிருக்கிறது. நாள் முழுதும் குனிந்த முதுகின் வலியை அறிந்தவர் அதனை வெறுக்கமாட்டார், நாமும் வெறுக்கவில்லை. ஆள் கிடைக்காத அவதியும், மழை ஈரம் காயும் முன் விதைத்து முடிக்க வேண்டிய அவசரமும் உழவர்க்கே தெரியும்.

ஆயினும் பொறியைத் தேர்வோர் விலையையும் வேகத்தையும் மட்டும் கேட்டு நின்றுவிடாமலிருக்க இவ்வரலாறு துணை செய்யும். கல் மிகுந்த நம் மேட்டு நிலத்தில் அதன் கொழு எத்தனை ஆழம் இறங்கும்? நாம் வாங்கும் விதையின் பருமனுக்கு அதன் தட்டுப் பொருந்துமா? தானியத்துக்கும் தீவனத்துக்கும் இடைவெளியை மாற்ற இயலுமா? பழுதானால் பக்கத்து ஊரில் சரி செய்ய ஆள் உண்டா? இரண்டு ஏக்கர்க்காரர் கடன்பட்டுத் தனியே வாங்குவதா, பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? அந்தப் பொறி வந்தபின், விதைப்பு நாள் கூலியை நம்பியிருந்த பெண்கள் என்ன செய்வர்?

கடைசிக் கேள்வியைப் பொறி விற்பவர் எழுப்பமாட்டார்; அது அவர் கடமையும் அன்று. அதனை எழுப்ப வேண்டியவர்கள் ஊரார். நம் பங்குகளில் உழவரும் கூலியாளரும் ஒரே கோவிலில் முழந்தாளிடுகின்றனர். விதைப்புக் காலம் தொடங்கும் முன் ஒரு மாலை அவர்கள் சேர்ந்து அமர்ந்து பேச இடம் தருவது கடினமன்று. சேர்ந்து வாங்கும் பொறியை ஓட்டவும் பழுது பார்க்கவும் அவ்வூர்ப் பெண்களே பயிற்சி பெறலாம். அதனால் வரும் வாடகையில் அவர்களுக்குப் பங்கு இருக்கலாம். இவற்றுள் எது இயலும், எது இயலாது என்பதை அவரவர் ஊரே அறியும். கேட்டுப் பார்த்த பிறகு விதைக்கலாம்.